சந்தேகமும் விளக்கமும்: சைக்காலஜிஸ்ட்கிட்ட போனா அப்படி என்னதான் செய்வாங்க?

கேள்வி (திருமங்கலத்திலிருந்து ஒரு தகப்பனார் அனுப்பியது): வணக்கம் டாக்டர். எம் பொண்ணு பிஎஸ்சி சைக்காலஜி கடைசி வருசம் படிக்கிது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்ங்கிது. அதுக்கு என்ன படிக்கணும், வேலை எங்க கிடைக்கும்? இன்னொண்ணு, தப்பா எடுத்துக்கிறாதீங்க. தூக்கம் வரல, படபடப்பா இருக்கு, புருசன் பொண்டாட்டி சண்டை, இதுக்கெல்லாம் வீட்டுப் பெரியவங்க சொல்ற புத்திமதியத் தாண்டி நீங்க என்ன செஞ்சிருவீங்க? எத்தன தடவ வரணும்?

பதில்:

வணக்கம்ங்க. தப்பா எடுத்துக்க ஒண்ணுமில்ல, நியாயமான கேள்விதான். பொண்ணோட படிப்ப முதல்ல பாத்துருவோம், அது சட்டுன்னு முடிஞ்சிரும். ரெண்டாவது கேள்விதான் கொஞ்சம் நீளும்.

பிஎஸ்சிக்கு அப்புறம் எம்எஸ்சி இல்லாட்டி எம்ஏ சைக்காலஜி 2 வருசம். அதுக்கு மேல ஆஸ்பத்திரியோட சேந்த ஒரு இடத்துல 2 வருசம் முழுநேரப் பயிற்சி. இத்தன காலமா அதுக்குப் பேரு எம்ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி. நுழைவுத் தேர்வு உண்டு, முதுகலையில 55 சதவீதம் கேப்பாங்க, சீட்டும் கொஞ்சந்தான். பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சி சிஐபி ரெண்டும் மத்திய அரசோட மனநல நிறுவனங்க, இந்தப் படிப்புல ரொம்பப் பழைய இடங்க. 2020 தேசியக் கல்விக் கொள்கையில எம்ஃபில்லயே எடுத்துட்டாங்க. ஆனா மனநலத் துறையில ஆள் பத்தலன்னு இந்தப் படிப்புக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரைக்கும் சேத்துக்கலாம்னு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நீட்டிச்சுக் கொடுத்துச்சு. இப்ப எம்ஏ கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி. (டாக்டர் ஆஃப் சைக்காலஜி)ன்னு புதுப் பேருல படிப்புக வருது. அதனால காலேஜ் விளம்பரத்துல இருக்கிற பேரப் பாத்துப் பணங்கட்டிராதீங்க. ஒரே கேள்விதான் கேக்கணும்: "இந்தப் படிப்புக்கு இந்த வருசம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் இருக்கா, முடிச்சா எந்தப் பிரிவுல சிஆர்ஆர், அதாவது மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டு நம்பர் வரும்?" 1992 சட்டப்படி அந்தக் கவுன்சில் பதிவேட்டுல பேரு இருந்தாத்தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்டலாம். அங்கீகாரமும் காலேஜுக்கு ஒரேயடியா கொடுக்கிறதில்ல, குறிப்பிட்ட வருசங்களுக்குத்தான். கவுன்சில் வெப்சைட்ல மாநில வாரியா பட்டியல் இருக்கு, பொண்ணையே பாக்கச் சொல்லுங்க. நம்பர் வந்ததுக்கப்புறமும் 5 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும்.

3 மாசத்துல கவுன்சிலிங் சர்டிபிகேட் தர்ற இடங்க நிறைய இருக்கு. கத்துக்கிறதுக்கு அது தப்பில்ல, ஆனா பதிவேட்டுல பேரு வராது. கிளினிக்கல் சைக்காலஜியில ஒரு வருச டிப்ளமோ ஒண்ணு, பிடிசிபின்னு, அதுக்குப் பதிவு உண்டு. ஆனா "அசோசியேட்" பிரிவுலதான் வரும், தனியா கிளினிக் வைக்க அது காணாது. அப்புறம் டாக்டர்னு கூப்பிட்டீங்க. மாத்திரை எழுதுறது சைக்கியாட்ரிஸ்ட், எம்பிபிஎஸ் முடிச்சு அதுக்கு மேல மனநல மருத்துவம் படிச்சவங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டான நாங்க மாத்திரை எழுத மாட்டோம், எழுதவும் கூடாது.

வேலைன்னு பாத்தா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, மாவட்ட மனநலத் திட்டம், குறைபாடுள்ள குழந்தைகளுக்கான ஆரம்பகட்ட இடையீட்டு மையம், போதை மறுவாழ்வு மையம், சிறப்புப் பள்ளி, தனியார் கிளினிக். பொண்ணுகிட்ட ஒண்ணு முன்கூட்டியே சொல்லி வைங்க. சோபாவுல உக்காந்து கதை கேக்கிற வேலைன்னு நெனச்சு வர்ற பிள்ளைங்க அரசு ஆஸ்பத்திரியில மெரண்டு போவாங்க. அங்க வேலையில பெரும்பங்கு சோதனை எடுக்கிறது. மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்காக வர்ற குழந்தைகளுக்கு பினே-காமத், மாலின் மாதிரி அறிவுத்திறன் சோதனை. கூடவே அம்மாகிட்ட கேட்டுப் போடுற வைன்லேண்ட் சமூகத்திறன் அளவு. பேச்சு வராத குழந்தைக்கு மரக்கட்டை வடிவங்கள எடுத்துப் பள்ளத்துல வைக்கிற செகுயின் பலகை. நம்பர் 70க்குக் கீழ வந்தா அது அறிவுசார் குறைபாட்டுக் கணக்கு. ஒரு நம்பர் அந்தக் குடும்பத்துக்கு உதவித்தொகையாவும் ஆகும், பிள்ளை மேல ஒட்டின முத்திரையாவும் ஆகும். பேரையூர்ல இருந்து விடிகாலைப் பஸ்ஸப் புடிச்சு, பச்சத்தண்ணி குடிக்காம, பதினோரு மணிக்கு வரிசை வந்து உக்கார்ற குழந்தைக்கு அப்படியே சோதனை எடுத்தா நம்பர் கொறஞ்சுதான் வரும். முதல்ல ரெண்டு இட்லி வாங்கிக் கொடுத்துக் கூட்டிட்டு வரச் சொல்லணும், காது கேக்குதா, கண்ணாடி போடணுமான்னு பாக்கணும், அப்புறந்தான் சோதனை. அவசரப்பட்டு எடுத்த சோதனையவிட எடுக்காம விட்டதே மேல்.

சரி, புத்திமதிக்கு வருவோம்.

"மனசத் திடப்படுத்திக்க", "கண்டத நெனைக்காத", "அனுசரிச்சுப் போ". பெரியவங்க சொல்றது எதுவும் பொய்யில்ல. சிக்கல் எங்கன்னா, கேக்கிறவருக்கும் அது ஏற்கெனவே தெரியும். தெரிஞ்சும் செய்ய முடியலன்னுதான் வர்றாரு. செவ்வாக்கெழம ராத்திரி ஏழு மணிக்கு "மனசத் திடப்படுத்து"ன்னா கையால எதச் செய்யிறது? எங்க வேலை அங்கதான் ஆரம்பிக்குது. வந்தவர் சொல்ற பிரச்சனைய எண்ணிப் பாக்கிற மாதிரி ஒடச்சு, அதுல எது அதைத் தூக்கிப் புடிச்சிட்டிருக்குன்னு கண்டுபிடிச்சு, அத மட்டும் மாத்துற மாதிரி வீட்டுல செய்யிற வேலையா கொடுக்கிறது. வாரத்துல எங்க முன்னாடி உக்கார்றது முக்கா மணி நேரம். மிச்சமுள்ள நேரம் பூரா அவர் வீட்டுலயும் கடையிலயும்தான் இருக்காரு. சிகிச்சை அங்க நடந்தாத்தான் உண்டு.

முதல் சிட்டிங் கொஞ்சம் பெருசு, ஒரு மணியிலருந்து ஒன்றரை மணி வரைக்கும் போகும். எப்ப ஆரம்பிச்சது, அதுக்கு முந்துன ரெண்டு மூணு மாசத்துல என்ன நடந்துச்சு, தூக்கம், பசி, எடை, குடி, புகையிலை, என்னென்ன மாத்திரை, வீட்டுல வேற யாருக்கும் இப்படி இருந்துச்சா. தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும், கொறஞ்சா சோர்வு வரும். ரத்தசோகையும் பி12 கொறவும் மனச்சோர்வு மாதிரியே வேசம் போடும். அதனால டிஎஸ்எச்ங்கிற தைராய்டு டெஸ்ட், ஹீமோகுளோபின், சர்க்கரை பாக்காதவங்கள முதல்ல அதப் பாத்துட்டு வரச் சொல்லுவோம். தற்கொலை எண்ணம் இருக்கான்னும் நேராவே கேப்போம். கேட்டா இல்லாதத ஞாபகப்படுத்துற மாதிரி ஆயிருமோன்னு வீட்டுல பயப்படுவாங்க. அப்படி ஆகாது, கேட்டதும் பாரத்த எறக்கி வச்ச மாதிரிதான் பேசுவாங்க.

இனி ஒரு உதாரணத்த முழுசா பாப்போம், அப்பத்தான் புரியும். மதுரை கீழமாசி வீதியில பலசரக்கு மொத்தக் கடை வச்சிருக்கிற ஒருத்தர்னு வச்சுக்கங்க, வயசு 48. "ஆறு மாசமா பொட்டுத் தூக்கம் இல்ல"ம்பாரு. முதல்ல நாங்க கேக்கிறது குறட்டை. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதான்னு அவர் வீட்டம்மாகிட்ட கேக்கணும், அவருக்குத் தெரியாது. இருந்தா அது வேற வைத்தியம், காது மூக்கு தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பாக்கணும். ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா சர்க்கரையப் பாக்கணும்.

இதெல்லாம் இல்லன்னா 7 நாள் தூக்க ஏடு. காத்தால எந்திரிச்சதும் ஒரு வரி: எத்தன மணிக்குப் படுத்தேன், சுமாரா எப்பத் தூங்கினேன், நடுவுல எவ்வளவு நேரம் முழிச்சேன், எப்ப எந்திரிச்சேன், பகல்ல கண்ணசந்தேனா, கடைசி டீ எப்ப. ராத்திரி கடிகாரம் பாக்கக் கூடாது, காத்தால குத்துமதிப்பா எழுதினாப் போதும். ஒரு வாரம் கழிச்சுக் கூட்டிப் பாத்தா, 10.30க்குப் படுக்கிறாரு, 6.30க்கு எந்திரிக்கிறாரு, 8 மணி நேரம் படுக்கையில. தூங்கினது சராசரி அஞ்சரை மணி. பொட்டுத் தூக்கம் இல்லைங்கிறது அவரே எழுதுன ஏட்டுல அஞ்சரை மணி நேரமா நிக்கும். இத அவரே கூட்டிப் பாக்கணும், நாங்க சொன்னா நம்ப மாட்டாரு. அஞ்சரைய எட்டால வகுத்தா, படுக்கையில இருந்த நேரத்துல தூங்கினது 69 சதவீதம். 85க்கு மேல இருக்கணும்.

இப்பத்தான் அவருக்குப் புடிக்காத வேலையச் சொல்லுவோம். இனி படுக்கிறது 12.30க்கு, எந்திரிக்கிறது 6.00க்கு, ஞாயித்துக்கெழமையும் அதே. "தூக்கம் வரலன்னு வந்தா லேட்டாப் படுக்கச் சொல்றீங்களே"ன்னு கோவம் வரும், வரணும். காரணம் இதுதான்: தூங்காம இருக்கிற நேரம் கூடக்கூடத்தான் தூக்கம் உடம்புல சேரும். சீக்கிரமே படுத்துப் பொரண்டு பொரண்டு, கடன்காரனையும் ஜிஎஸ்டியையும் நெனச்சு நெனச்சு, அந்தக் கட்டிலே முழிச்சிருக்கிற எடமா ஆயிருச்சு. படுக்கை நேரத்தச் சுருக்குனா ரெண்டு வாரத்துல படுத்ததும் தூக்கம் வர ஆரம்பிக்கும். வாரச் சராசரி 85 தாண்டுனா 15 நிமிசம் முன்னாடி படுக்கலாம். அடுத்த வாரம் இன்னொரு 15. தாண்டலன்னா அப்படியே வச்சிருக்கணும். எந்தக் காரணத்துக்காகவும் 5 மணி நேரத்துக்குக் கீழ சுருக்கக் கூடாது.

படுத்து இருவது நிமிசம் போலத் தூக்கம் வரலன்னு தோணுனா எந்திரிச்சு வேற எடத்துல மங்கல் வெளிச்சத்துல உக்காரணும், கண்ணு சொருகுறப்ப திரும்பப் போகணும். புஸ்தகத்துல "வேற ரூமுக்குப் போங்க"ன்னு போட்டிருக்கும். செல்லூர்ல ஒரே ரூம்ல அஞ்சு பேரு படுக்கிற வீட்டுல எங்க போறது? பாயச் சுருட்டி வச்சுட்டு செவுத்துல சாஞ்சு உக்காந்தாலும் அதே பலன்தான். பாய் விரிச்சா தூக்கம், சுருட்டுனா முழிப்பு, உடம்புக்கு அந்த வித்தியாசம் புரிஞ்சாப் போதும்.

இதுல தப்பு எங்க நடக்கும்னா, பெரும்பாலும் ராத்திரியில இல்ல, பகல்லதான். மத்தியானம் கல்லாவுல உக்காந்தே இருவது நிமிசம் கண்ணசருவாரு, ஏட்டுல எழுத மாட்டாரு. ஞாயித்துக்கெழம கறிச்சோறு சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம். அதோட அந்த வாரக் கணக்கு போச்சு. அப்புறம் நம்மூருக்கே உள்ளது: 12.30 வரைக்கும் முழிச்சிருக்கச் சொன்னா தூங்கா நகரத்துல அது ஒண்ணும் கஷ்டமில்ல, தெருமுனையில புரோட்டாக் கடை தொறந்திருக்கு, போய் ரெண்டு புரோட்டாவும் ஒரு டீயும் போட்டுட்டு வந்துருவாரு. குடிச்ச டீயில உள்ள கேஃபின்ல பாதி 5 மணி நேரம் கழிச்சும் உடம்புலதான் இருக்கும். கடைசி டீ மத்தியானம் ரெண்டு மூணு மணிக்குள்ள முடியணும். ஒரு கட்டிங் போட்டா தூக்கம் வரும்பாங்க. வரும், மூணு மணிக்கு எழுப்பி விட்டுரும். படுக்கையில வர்ற கடைக் கவலைக்குத் தனி நேரம்: சாயந்தரம் ஏழு மணிக்கு 15 நிமிசம், ஒரு நோட்டு, ரெண்டு பத்தி. ஒண்ணு நாளைக்கு நான் செய்யக்கூடியது, இன்னொண்ணு எங்கையில இல்லாதது. ராத்திரி அதே கவலை வந்தா "நோட்டுல இருக்கு"ன்னு விட்டுறணும்.

இது எல்லாருக்கும் ஆகாது. வலிப்பு உள்ளவங்க, இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவங்க, ராத்திரி லாரி, பஸ் ஓட்டுறவங்களுக்குத் தூக்கத்தச் சுருக்கக் கூடாது. மத்தவங்களும் முதல் ரெண்டு வாரம் தூரத்துக்கு வண்டி ஓட்டாம இருக்கணும். யூடியூப் பாத்துட்டு இத அரைகுறையா செய்யாதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

அடுத்தது படபடப்பு. மதுரையிலருந்து மேலூருக்கு தெனமும் பஸ்ல போய் வர்ற ஒரு டீச்சரம்மா. ஒரு நாள் கூட்டத்துல நின்னுட்டு வர்றப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்து, கை மரத்து, செத்துருவோம்னு ஒரு பயம். நடுவழியிலேயே எறங்கிட்டாங்க. ஈசிஜி எடுத்தாச்சு, நார்மல். அன்னையிலருந்து பஸ் ஏற முடியல. இங்க சூட்சுமம் என்னன்னா, பயத்தப் பெருசாக்குனது அந்தப் படபடப்பு இல்ல, நடுவழியில எறங்கினது. எறங்கினதும் பயம் கொறஞ்சுச்சா, "எறங்குனதாலதான் பொழச்சேன்"னு மனசு எழுதி வச்சுக்கிது. எறங்காம இருந்திருந்தாலும் அது ஒரு பத்து நிமிசத்துல உச்சிக்குப் போயி தானா எறங்கியிருக்கும். கை மரத்துப் போறது வேகமா மூச்சு வாங்குறதால ரத்தத்துல கரியமில வாயு கொறையிறதுதான். மயங்கி விழுந்துருவேனோங்கிறதும் பெரும்பாலும் நடக்காது, ஏன்னா மயக்கம் பிரஷர் கொறஞ்சா வர்றது, பயத்துல பிரஷர் ஏறும். ரத்தம், ஊசியப் பாத்து வர்ற பயம் மட்டும் விதிவிலக்கு, அதுல நெசமாவே மயங்கி விழுவாங்க.

இதுக்கு ஒரு படிக்கட்டு போடுவோம். ஒவ்வொரு படிக்கும் 0லருந்து 100க்குள்ள பயத்துக்கு மார்க் அவங்களே போடணும். மாட்டுத்தாவணியில பஸ் பக்கத்துல இருவது நிமிசம் சும்மா நிக்கிறது, 25. பொறப்படாம நிக்கிற பஸ்ல ஏறி உக்காந்துட்டு எறங்குறது, 35. மத்தியானம் கூட்டமில்லாத நேரத்துல வீட்டுக்காரரோட ஐகோர்ட் ஸ்டாப் வரைக்கும், 45. அதே தனியா, 55. தனியா ஒத்தக்கடை, 65. தனியா மேலூர், சீட்ல உக்காந்து, 75. காத்தால எட்டு மணிக் கூட்டத்துல நின்னுட்டே மேலூர், 90. நூறுல ஆரம்பிக்கிறதும் தப்பு, பத்துலயே சுத்திட்டிருக்கிறதும் தப்பு. 30, 40ல ஆரம்பிக்கலாம். ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சீட்டுல எழுதணும்: "என்ன நடக்கும்னு பயப்படுறேன், எத்தன சதவீதம் நம்புறேன்." எறங்கினதும் கீழ எழுதணும்: "என்ன நடந்துச்சு." சட்டம் ஒண்ணே ஒண்ணு, முடிவு பண்ணின ஸ்டாப்புக்கு முன்னாடி எறங்கக் கூடாது. வாரத்துக்கு நாலஞ்சு நாளாவது செய்யணும். வாரத்துல ஒரு நாள் செஞ்சா ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியேதான் இருக்கும்.

நல்லாச் செஞ்சும் பலன் வரலன்னா பையத் தொறந்து பாக்கச் சொல்லணும். உள்ள தண்ணி பாட்டில், சோடா, படபடப்ப அடக்குற அல்பிரசோலம் மாத்திரை ஒண்ணு, "எதுக்கும் இருக்கட்டும்"னு. ஜன்னல் சீட்லதான் உக்காருவாங்க, போன்ல வீட்டுக்காரர லைன்லயே வச்சிருப்பாங்க. இது ஒவ்வொண்ணும் "இது இருந்ததாலதான் ஒண்ணும் ஆகல"ன்னு பயத்துக்குச் சாட்சி சொல்லும். ஒவ்வொண்ணா விட்டுறணும். மாத்திரைய மட்டும் நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது, தெனமும் போட்டுப் பழகினவங்களுக்கு அது ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டர்தான் கொஞ்சங்கொஞ்சமா கொறைக்கணும். ஒருக்கா ஈசிஜி நார்மல்னு வந்தப்புறம் டாக்டர் சொல்லாம மாசாமாசம் எடுக்கிறதும் இதே கதைதான்.

மனச்சோர்வுக்கும் வழி இதே ரகந்தான், ஆனா திசை வேற. "மனசு சரியானதும் வெளிய போறேன்"பாங்க. மனசு தானா சரியாகக் காத்திருந்தா இன்னும் சுருங்கும், அதனால முதல்ல போறது, மனசு பின்னாடி வரட்டும். ஆரம்பம் ரொம்பச் சின்னதா இருக்கணும். தெப்பக்குளத்த ஒரு சுத்து சுத்துறதுன்னு சொல்லி, செய்யாம வந்தா திட்டுறதில்ல. வேலை பெருசாயிருச்சுன்னு அர்த்தம், வாசல் வரைக்கும்னு பாதியாக்கணும். மனச்சோர்வ அளக்க 9 கேள்வி உள்ள பிஎச்கியூன்னு ஒரு தாள், 27க்கு மார்க். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போட்டுப் பாத்தா எறங்குதா ஏறுதான்னு தெரிஞ்சிரும். 20ஐத் தொட்டா பேச்சு மட்டும் காணாது, சைக்கியாட்ரிஸ்ட்டும் பாக்கணும். அவங்க எழுதுற மனச்சோர்வு மாத்திரைக வேலை செய்ய ரெண்டுலருந்து நாலு வாரம் ஆகும். பத்து நாள்ல ஒண்ணும் தெரியலன்னு நிறுத்திட்டு வர்றவங்கதான் நிறைய.

புருசன் பொண்டாட்டி சண்டையில நாங்க தீர்ப்பு சொல்றதில்ல, அதுக்கு ஊர்ல ஆள் இருக்காங்க. போன வாரம் நடந்த ஒரே ஒரு சண்டைய எடுத்து, யாரு என்ன சொன்னா, அடுத்து என்னன்னு நிமிச நிமிசமா எழுதுவோம். பெரும்பாலும் "ஒங்க அம்மா வீட்டுல"ன்னு ஒரு வார்த்தை வந்த எடத்துலதான் வண்டி தடம் மாறியிருக்கும். கோவம் ஏறினா விலகிப் போகலாம், ஆனா "அரைமணி நேரத்துல வந்து பேசுறேன்"னு சொல்லிட்டுப் போகணும், சொன்னபடி வரணும். சொல்லாம பைக்க எடுத்துட்டுப் போனா எதிராளிக்கு அது அவமானம். அடி, மெரட்டல் இருக்கிற வீட்டுல ரெண்டு பேரையும் சேத்து உக்கார வைக்கிறதே தப்பு. இங்க மனசு விட்டுச் சொன்னதுக்கு அந்தம்மா வீட்டுல அடி வாங்குவாங்க. அங்க முதல்ல பாதுகாப்பு, 181 மகளிர் உதவி எண்.

நம்ம பக்கம் இன்னொரு சிக்கல், குடும்பமே கூட வந்து வெளிய உக்காந்திருக்கும். கதவத் தொறந்ததும் "எம் பொண்ணு என்ன சொன்னா?" 2017 மனநலச் சட்டப்படி அது அவங்களோட ரகசியம், பெத்தவங்களுக்கும் அப்படியே சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு, குழந்தைகிட்ட பாலியல் அத்துமீறல், இந்த மாதிரி சிலதுக்கு விலக்கு உண்டு. கடைசியில சொன்னது, குழந்தைகளப் பாலியல் குற்றத்துலருந்து காக்கிற போக்சோ சட்டத்துல கட்டாயம் தெரிவிக்க வேண்டிய விசயம். இத முதல் சிட்டிங்லயே அந்தப் பொண்ணு முன்னாடியே குடும்பத்துக்கிட்ட சொல்லிருவோம். சொல்லாத எடத்துக்குப் போகாதீங்க.

கோயிலுக்குப் போறது, மந்திரிக்கிறது, தாயத்து, இதையெல்லாம் நிறுத்துங்கன்னு நாங்க சொல்ல மாட்டோம். மாத்திரைய நிறுத்தச் சொன்னா மட்டும் அங்க இருந்து கெளம்பி வந்துருங்க.

பேச்சுக்குக் காத்திருக்கக் கூடாத நேரமும் இருக்கு. காதுல குரல் கேக்குது, மூணு நாலு நாளாத் தூங்காம வேகமா பேசிட்டே இருக்காரு, பிள்ளை பெத்த அம்மா திடீர்னு யாரையும் நம்பாம ஒரு மாதிரியா ஆயிட்டாங்க, தெனமும் குடிச்சவரு சட்டுன்னு நிறுத்திட்டு கை நடுங்கி ஒளற ஆரம்பிச்சுட்டாரு. இதெல்லாம் நேரா ஆஸ்பத்திரிதான், கடைசியா சொன்னது ரெண்டு மூணு நாளுக்குள்ள வலிப்புல கொண்டு விடலாம். சாகணும்னு சொல்றவங்கள தனியா விடாதீங்க. வயக்காட்டு வீடா இருந்தா பூச்சிமருந்த அன்னைக்கே வீட்ட விட்டு அப்புறப்படுத்துங்க. ராத்திரி எந்நேரமும் 14416க்குப் போன் போடலாம், மத்திய அரசோட டெலிமானஸ், 2022லருந்து இருக்கு, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

எத்தன தடவைன்னு கேட்டீங்க. தூக்கத்துக்கு நாலுலருந்து எட்டு, பஸ் பயம் மாதிரி உள்ளதுக்கு எட்டுலருந்து பன்னெண்டு சிட்டிங். முதல்ல வாராவாரம், அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா. சின்ன வயசுலருந்தே ஊறிப்போனதா இருந்தா இன்னும் கூடும். ஆறாவது சிட்டிங் வரைக்கும் ஏட்டுல ஒரு நம்பரும் அசையலன்னா நாங்க புரிஞ்சுக்கிட்டதுல தப்பு இருக்குன்னு அர்த்தம். "என்ன மாத்தப் போறீங்க?"ன்னு நீங்களே கேக்கலாம், கேக்கணும். பணம் கட்ட வசதியில்லன்னா மதுரைப் பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு ஓபி இருக்கு, செலவில்ல, மாத்திரையும் அங்கயே தருவாங்க. மாவட்ட மனநலத் திட்டத்து ஆளுங்க தாலுகா ஆஸ்பத்திரிக்கும் வருவாங்க, ஒங்க திருமங்கலம் ஆஸ்பத்திரியில எந்தக் கெழமைன்னு விசாரிச்சுக்கங்க. எங்க போனாலும் பழைய ரிப்போர்ட், இப்பப் போடுற மாத்திரை அட்டை, சர்க்கரை மாத்திரையோ நாட்டு மருந்தோ எதுவா இருந்தாலும், ஒரு பையில போட்டுக் கொண்டு போங்க.